மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெண்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

ஆண்டு மலருக்குப் படைப்புகள் தரலாம் என்று அறிவிப்புப் பலகையில் கண்டதும் என் வகுப்புத் தோழியர் பெரும்பாலோர் கவிதை எழுதப் போய்விட்டனர். வேதியியல் மாணவி என்பதால் நான் 'அன்றாட வாழ்வில் வேதியியல்' எழுதுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அதை எழுத எங்கள் துறையிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது ஒரு கால்பந்தாட்டக்காரியைப் பற்றி. அவர் பெயர் என்கோசி யூகேரியா உச்சே. நாடு நைஜீரியா. என்கோசி என்றால் இக்போ மொழியில் ஆசீர்வாதம் என்று பொருளாம். அந்த மக்கள் அப்பெயரை 'ங' என்னும் ஒலியில்தான் தொடங்குகிறார்கள். நம் நெடுங்கணக்கில் இடம் மட்டும் பிடித்துக்கொண்டு சொல்லுக்கு முதலில் வராமல் சும்மா இருக்கும் அந்த எழுத்துக்கு அங்கே நல்ல வேலை கிடைத்திருக்கிறது!

இவரை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்பவர்களுக்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் சென்டர் ஃபார்வர்டு ஆடியவள். மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறேன். பிளஸ் டூ வந்ததும் அப்பா, "பந்து போதும் பாப்பா, புத்தகத்தை எடு" என்றார். மூட்டை தூக்கிப் படிக்க வைப்பவர் சொல்லும்போது மறுத்துப் பேச வாய் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புத்தகத்தை எடுத்தேன், இங்கே வந்து சேர்ந்தேன். ஆனால் அந்த ஆறு ஆண்டு ஆட்டத்தில் ஒரு விஷயம் மனத்தில் தங்கிவிட்டது. நாங்கள் பெண்கள் அணி. எதிரணியும் பெண்கள். ஆனால் எங்கே போனாலும் கோட்டுக்கு வெளியே விசிலோடு நின்றவர் ஆண்தான். அவர்கள் குறை வைத்தார்கள் என்று சொல்லவில்லை. நன்றாகவே கற்றுக் கொடுத்தார்கள். ஆயினும், ஆடி முடித்த பெண்கள் எல்லாரும் எங்கே போகிறார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. விடுதியில் ஓர் இரவு கைப்பேசியில் இதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் உச்சேயின் பெயர் கண்ணில் பட்டது.

நைஜீரியா கால்பந்துப் பித்துப் பிடித்த நாடு. அப்பித்தை அங்கே கொண்டு சேர்த்தவன் ஆங்கிலேயன். கூடவே அவன் தன் தடைகளையும் கொண்டு சேர்த்தான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921-ல் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. அத்தடை நீங்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதைப் பின்பற்றி 1950-ல் நைஜீரியச் சங்கமும் பெண்கள் ஆட்டத்தைத் தடை செய்தது. ஆகவே, தடுத்தவர்களே பின்னாளில் "பெண்கள் ஏன் இவ்வளவு தாமதமாக ஆட வந்தார்கள்?" என்று வியந்தபோது சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1991 நவம்பரில் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில் நடந்தது. அப்போது அதற்கு 'உலகக் கோப்பை' என்ற பெயரைக் கொடுக்கக்கூட ஃபிஃபா தயங்கியது. ஒரு மிட்டாயின் பெயரைச் சேர்த்து 'எம் அண்ட் எம்ஸ் கோப்பைக்கான உலகச் சாம்பியன் போட்டி' என்று நீட்டி முழக்கியது. ஆண்களுக்கு ஆட்டம் 90 நிமிடம். பெண்களுக்கு 80 நிமிடம் மட்டும்! அந்தப் பத்து நிமிடத்தில் பெண்கள் மயங்கி விழுந்துவிடுவார்கள் என்று எந்த மருத்துவர் சொன்னாரோ! ஆப்பிரிக்கா முழுவதற்கும் சேர்த்துச் சென்றது ஒரே ஓர் அணி, நைஜீரியா. அதில் 18 பேர். அவர்களுள் ஒரு முன்கள வீராங்கனை உச்சே.

முடிவுகளை மறைப்பானேன்? ஜெர்மனியிடம் 0-4. இத்தாலியிடம் 0-1. சீனத் தைபேயிடம் 0-2. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, அடித்த கோல் ஒன்றுமில்லை. முன்களத்தில் ஆடுகிறவளுக்கு இது எப்படி வலிக்கும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். காப்பாளர் ஒரு பந்தைப் பிடித்தாலும் பெயர் வாங்குவார். பின்களத்தார் ஒரு காலை நீட்டினாலும் கைத்தட்டல் உண்டு. கோல் அடிக்காத முன்களக்காரிக்கு மட்டும் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

ஆனால் அந்த 18 பேர் சாதாரணமானவர்கள் அல்லர். அவர்களில் ஒருவரான சியோமா அஜூன்வா பின்னர் தடகளத்துக்குச் சென்று, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் 7.12 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் நைஜீரியா கண்ட முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அவர் தங்கம் வாங்கியது ஆகஸ்ட் 2. மறுநாள், ஆகஸ்ட் 3 அன்று, நைஜீரிய ஆண்கள் கால்பந்து அணி அர்ஜென்டினாவை 3-2 என வென்று தங்கம் வாங்கியது. அந்த ஆண்கள் அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1991-ல் சீனத்தில் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த அதே டச்சுக்காரர் ஜோ போன்ஃப்ரேர்! ஒரு கோலும் அடிக்காமல் திரும்பிய அணியிலிருந்து இரண்டு பேர் அடுத்தடுத்த நாட்களில் ஒலிம்பிக் தங்கத்தைத் தொட்டார்கள். இதைப் படித்த இரவு நான் அறைத் தோழியை எழுப்பிச் சொன்னேன். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். போன்ஃப்ரேரின் பெயரை மட்டும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1995-ல் சுவீடனில் இரண்டாவது உலகக் கோப்பை. உச்சே அதற்கும் சென்றார். நார்வேயிடம் 0-8 என்று அடி வாங்கினார்கள். அடுத்த ஆட்டம் கனடாவோடு. 1-3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து 3-3 ஆக்கினார்கள். உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்கப் பெண்கள் அணி எடுத்த முதல் புள்ளி அதுதான். இங்கிலாந்திடம் 2-3 எனத் தோற்று ஊர் திரும்பினார்கள்.

அதன்பின் வந்தவர்கள் அந்த அணியை மேலே கொண்டு போனார்கள். 1999-ல் மெர்சி அகிடே, என்கிரு ஒகோசியேமே போன்றோர் ஆடிய அணி அமெரிக்காவில் காலிறுதி வரை சென்று, பிரேசிலிடம் 0-3 என்ற நிலையிலிருந்து 3-3 ஆக்கி, கூடுதல் நேரத்தில் பொன் கோலில் தோற்றது. 2023 உலகக் கோப்பை முடியும்வரை அந்தக் காலிறுதியை வேறெந்த ஆப்பிரிக்கப் பெண்கள் அணியும் எட்டவில்லை. அந்த அணிக்கும் பயிற்சியாளர் ஓர் ஆண், இஸ்மாயிலா மாபோ. அவருக்கு முன்னும் ஆண்கள், பின்னும் ஆண்கள். ஆப்பிரிக்கக் கோப்பை நைஜீரியாவின் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. 1998-லிருந்து 2006 வரை நடந்த ஐந்து போட்டிகளையும் அவர்களே வென்றார்கள். 2008-ல் அரையிறுதியில் எக்குவடோரியல் கினியாவிடம் 0-1 எனத் தோற்றபோது நாடே அதிர்ந்தது.

வீடு நன்றாக ஓடும்போது சாவியைப் பெண்ணிடம் கொடுக்க மாட்டார்கள், கூரை ஒழுகத் தொடங்கியதும் கொடுப்பார்கள் என்று எங்கள் பாட்டி சொல்வார். அப்படித்தான், கோப்பை கைவிட்டுப் போன பிறகு சாவி உச்சேயின் கைக்கு வந்தது. நைஜீரியப் பெண்கள் தேசிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் பெண் அவர்.

2010-ல் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கக் கோப்பை. உச்சேயின் அணி முதலில் போட்டி நடத்திய தென்னாப்பிரிக்காவை 2-1 என வென்றது. அரையிறுதியில் கேமரூனை 5-1 என நொறுக்கியது. நவம்பர் 14 அன்று இறுதி ஆட்டம். எதிரே அதே எக்குவடோரியல் கினியா! 4-2 என வென்று கோப்பையை மீட்டார்கள். பெர்பெச்சுவா என்குவோச்சா அந்தப் போட்டியில் மட்டும் 11 கோல் அடித்தார். ஒரு கோலும் காணாமல் சீனத்திலிருந்து திரும்பிய முன்களக்காரி, பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, தன் முன்களக்காரி பதினொரு கோல் அடிப்பதைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஜெர்மனியில் உலகக் கோப்பை. குழுப் பிரிப்பில் உச்சேக்கு வாய்த்தவை ஃபிரான்ஸ், ஜெர்மனி, கனடா. 2003, 2007 ஆகிய இரு முறையும் உலகக் கோப்பையை வென்றிருந்த ஜெர்மனி, அதுவும் சொந்த மண்ணில்! உச்சே கையில் வைத்திருந்ததோ அனுபவமும் இளமையும் கலந்த அணி. முப்பத்தைந்து வயது என்குவோச்சா ஒரு பக்கம். பதினேழே வயதான டிசையர் ஒபரனோசி மறுபக்கம். முந்தைய ஆண்டு 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போன பெண்களும் அதில் இருந்தார்கள்.

ஃபிரான்ஸிடம் 0-1. பிராங்க்ஃபர்ட் நகரில் 48,000-க்கும் மேற்பட்டோர் கூடி ஆர்ப்பரித்த மைதானத்தில் ஜெர்மனியிடம் 0-1. அங்கே முதல் பாதியில் கோலே விழவில்லை. ஜெர்மனி திணறியது. 54-ஆம் நிமிடத்தில் சிமோன் லாடேர் அடித்த ஒற்றைக் கோல்தான் வித்தியாசம். 1991-ல் உச்சேயின் அணி 0-4 என்று தோற்றதும் இதே ஜெர்மனியிடம்தான். ஜூலை 5 அன்று டிரெஸ்டன் நகரில் கனடாவை 1-0 என வென்றார்கள். என்குவோச்சா அடித்த கோல். 1995-ல் முதல் புள்ளியைக் கொடுத்த கனடா, 2011-ல் முழு வெற்றியைக் கொடுத்தது. முதல் சுற்றோடு வெளியேறியது உண்மைதான். ஆனால் மூன்று ஆட்டங்களில் வாங்கிய கோல் இரண்டே இரண்டு. எட்டும் நான்குமாக வாங்கிய காலத்தை மைதானத்துக்குள் நின்று பார்த்தவருக்குத்தான் அந்த இரண்டின் அருமை தெரியும். தோல்வியிலும் பெருமை உண்டா என்று கேட்டால், கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள், உண்டு என்பேன்.

அந்த அக்டோபரில், லண்டன் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில் கேமரூனோடு மோதல். இரு ஆட்டங்களும் சேர்ந்து சமநிலை. பெனால்டி உதையில் நைஜீரியா தோற்றது. சங்கம் உச்சேயைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆப்பிரிக்கக் கோப்பையைக் கையில் ஏந்தி ஓராண்டுகூட நிறையவில்லை!

இங்கேதான் நான் போன்ஃப்ரேரை மறுபடி அழைக்கிறேன். பெண்கள் அணியோடு சென்று மூன்றிலும் தோற்று, ஒரு கோலும் இல்லாமல் திரும்பிய ஆணுக்குப் பின்னாளில் நாட்டின் ஆண்கள் அணியே கிடைத்தது. அவர் தங்கம் வென்று தன் தகுதியைக் காட்டினார், அதை மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. தோற்ற பிறகும் கற்றுக்கொள்ள ஒருவருக்குக் காலம் கிடைக்கிறது, ஒருவருக்கு ஏன் கிடைப்பதில்லை? பயிற்சியாளர் பதவி எங்குமே நிலையில்லாததுதான், நைஜீரியாவில் ஆண்கள் அணிப் பயிற்சியாளர்களும் வருவதும் போவதுமாகத்தான் இருக்கிறார்கள் என்று எங்கள் உடற்கல்வி இயக்குநர் இதைப் படித்துவிட்டுச் சொன்னார். சரிதான். ஆனால் உச்சேக்குப் பின் வந்தவர் காதிரி இக்கானா என்ற ஆண். 2012 ஆப்பிரிக்கக் கோப்பையில் அந்த அணி நான்காம் இடம் பெற்றது. அதை வைத்து "ஆண்களால் முடியாது" என்று யாரும் முடிவு கட்டியதாகத் தெரியவில்லை.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. 2011 உலகக் கோப்பைக்குச் சற்று முன், அணியில் பெண்ணைப் பெண் விரும்பும் வழக்கம் இருந்தது தமக்குப் பெரும் கவலையாக இருந்தது என்றும், பிரார்த்தனையின் துணையோடு அதை அகற்ற முயன்றதாகவும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் உச்சே சொன்னார். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஃபிஃபா அதிகாரிகள் அவரிடம் பேசினார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு உள்ளம் கசந்தது. "பெண்ணுக்கு இது ஆகாது" என்று சொல்லிப் பூட்டிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், தன் பின்னால் வந்த சில பெண்களைப் பார்த்து "உங்களுக்கு இது ஆகாது" என்கிறாரே! அணியில் ஒரு பெண் யாரை விரும்புகிறாள் என்பதற்கும் அவள் பந்தை எப்படிக் கடத்துகிறாள் என்பதற்கும் என்ன தொடர்பு? உச்சே வளர்ந்த ஊரும் தேவாலயமும் அவருக்குக் கற்பித்ததைத்தான் அவர் சொன்னார் என்று சமாதானம் சொல்லலாம். பெண் பந்தாடக் கூடாது என்பதும் ஊர் கற்பித்ததுதானே? அதை மீறியவருக்கு இதையும் மீறத் தெரிந்திருக்க வேண்டும். "அப்படியானால் இவரைப் பற்றி ஏன் எழுதுகிறாய்? வேறு ஆள் கிடைக்கவில்லையா?" என்று தோழி கேட்டாள். கிடைப்பார்கள். மெர்சி அகிடே இருக்கிறார். 2001-ல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருது முதன்முதலில் வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர். அமெரிக்காவில் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடி, பிறகு அங்கேயே சிறுமியருக்குப் பயிற்சி அளிக்கப் போனவர். எந்தக் குறையும் சொல்ல இயலாத வாழ்க்கை. ஆனால் முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் உச்சே. அவர் செய்ததையும் சொன்னதையும் சேர்த்தே எழுதுவதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

1991-ல் சீனம் சென்ற அந்த 18 பேரில் ஃபுளோரன்ஸ் ஒமக்பெமியும் ஒருவர். நடுக்களக்காரி, பிற்பாடு அணித் தலைவி. 2016-ல் அவர் பயிற்சியாளராகி, கேமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையை வென்று தந்தார். வென்று திரும்பிய பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தரவேண்டிய பணத்தைத் தராததால் அபூஜா நகரில் தங்கியிருந்த விடுதியை விட்டு வெளியேற மறுத்து உட்கார்ந்துவிட்டார்கள். கோப்பையை வென்ற அதே டிசம்பரில், பதாகைகளை ஏந்தி நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். இது புதிதும் அல்ல. 2004-ல் தென்னாப்பிரிக்காவில் கோப்பையை வென்றபோதும் பாக்கிப் பணம் வரும்வரை ஊர் திரும்ப மாட்டோம் என்று விடுதியிலேயே இருந்தார்கள். கல்வி உதவித்தொகை 'வந்துகொண்டே இருக்கிறது' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய என் போன்றவர்களுக்கு அந்தப் பெண்களின் முகங்கள் அந்நியமாகத் தெரியவில்லை. நாம் அலுவலகச் சன்னலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒமக்பெமிக்குப் பின் அந்த நாற்காலி மறுபடி ஆண்களிடம் போயிற்று. 2018-ல் சுவீடன்காரர் தாமஸ் டென்னர்பி கோப்பையை வென்றார். 2023 உலகக் கோப்பையில் அமெரிக்கர் ராண்டி வால்ட்ரம். 2025 ஜூலையில் மொராக்கோவை அதன் சொந்த மண்ணில், 0-2 என்ற நிலையிலிருந்து மீண்டு 3-2 என வென்று பத்தாவது கோப்பையை நைஜீரியா எடுத்தபோது, கோட்டோரம் நின்றவர் ஜஸ்டின் மடுகு. அந்த இறுதி ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். ஆட்டம் அருமை. இரண்டாம் பாதியில் மூன்று கோல்! ஆனாலும் காமிரா வெளியே திரும்பும்போதெல்லாம் என் கண் அந்த ஓரத்தில்தான் போய் நின்றது.

பட்டம் முடிந்ததும் பி.எட். படித்து ஆசிரியையாகிவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் பி.பி.எட். என்கிறேன். "நடுவில் ஓர் எழுத்துதானே கூடுதல், அதுக்கு ஏன் இந்தச் சண்டை?" என்று அம்மா கேட்கிறார். அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வேதியியலை விட்டுவிட்டு விசில் ஊதப் போகிறாளா என்ற கேள்வி அவர் முகத்தில் இருக்கிறது. எனக்கும் விடை முழுதாகத் தெரியாது. ஒன்று மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில், ஏரிக்கரையை ஒட்டிய திடலில், எங்கள் தெருச் சிறுமிகள் ஒன்பது பேருக்குப் பந்தடிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். பந்து ஒன்றுதான், அதுவும் காற்று இறங்கியது. விளையாடாத நேரத்தில் என்னை அக்கா என்கிறார்கள். விசிலை வாயில் வைத்தால் மட்டும், ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி தன்னை அறியாமல் "சரிங்க சார்" என்கிறாள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நான் விசிலை ஊதிவிட்டு, அடுத்த பயிற்சியைத் தொடங்குகிறேன்.